படகு வராத நாட்களில் விருந்தாளிகள் செய்தவை

மாரித்தின் கல்யாணக் கடிதத்துக்குள் இரண்டு தாள்கள் இருந்தன. முதலாவது அழைப்பிதழ். இரண்டாவது தாளின் தலைப்பு 'விருந்தாளிகள் செய்யக்கூடியவை'. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு தரம் வாசித்தேன். சாப்பிடுவது அதில் இல்லை. காலையில் வருகிறவர்கள் கடலில் குளிக்கலாம். இது நோர்வேயின் வட கரை. யூலை மாதத்திலும் அந்தக் கடலில் காலை வைத்தால் முழங்கால் வரைக்கும் மரத்துப்போகும். வெளிச்சவீடு வரைக்கும் நடந்து போகலாம். நல்ல சப்பாத்து வேண்டும். தூரக்கண்ணாடி இரவல் வாங்கிப் பறவைகளைப் பார்க்கலாம். துறையடியில் நின்று தூண்டில் போடலாம். பெரிய மீன் பிடிக்கிறவருக்குப் பரிசு உண்டு. கடைசி வரியை மட்டும் மூன்றாம் தரமும் வாசித்தேன். 'கற்பாறையில் உட்கார்ந்து ஒன்றும் செய்யாமல் இருத்தல்.' அதற்கும் நேரம் போட்டிருந்தது. நாலு மணியில் இருந்து ஐந்து மணி வரை.

மாரித் மீன் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மேசை. மூன்று வருடமாக நாங்கள் இரண்டு பேரும் ஒரே நிற ஏப்ரன் கட்டிக்கொண்டு, ஒரே பட்டியில் வருகிற மீனை ஒரே அளவில் வெட்டுகிறோம். அவள் கல்யாணம் செய்யப்போகிற மனிதரோடு பதினாலு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறாள். அப்படி இருப்பவர்களை இங்கே 'சம்பூயர்' என்பார்கள். படிவங்களில் அதற்குத் தனியாக ஒரு பெட்டியும் உண்டு. பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயது, அவள்தான் மோதிரம் கொண்டுவருவாளாம். இதை ஊருக்கு எழுதினேன். நெடுந்தீவில் இருந்து அம்மாவின் பதில் ஐந்து மாதம் கழித்து வந்தது. கல்யாணத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. இரண்டு பிள்ளைகளும் சுகமாக இருக்கிறார்களா என்று மட்டும் கேட்டிருந்தார்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு வருகிறவருக்குச் செய்ய ஒன்றும் கொடுப்பதில்லை. அவருக்குரிய வேலையை அவரே கொண்டு வருவார். தன்னை நேரில் வந்து சொன்னார்களா, ஆரிடமாவது சொல்லி அனுப்பினார்களா, முதல் பந்தியில் இருத்தினார்களா, மூன்றாம் பந்தி வரை நிற்கவிட்டார்களா, வாசலில் சந்தனக் கும்பாவை நீட்டியது வீட்டு ஆளா, பக்கத்து வீட்டு ஆளா என்று பார்த்து மனதில் வைத்துக்கொள்வதற்கே அவருக்குப் பொழுது போதாது. அப்படிப்பட்டவரிடம் போய்ப் பறவை பாருங்கள் என்றால் என்ன நினைப்பார்? இப்படித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகுதான், நானும் ஒருமுறை இப்படி ஒரு தாள் எழுதியது நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்தது என்று எழுதுவது சரியில்லை. மறந்திருக்கவில்லை.

மாரித்தின் கல்யாணம் அவள் பிறந்த தீவில். எங்கள் பட்டினத்தில் இருந்து சின்னக் கப்பலில் நாற்பது நிமிடம். அழைப்பு வந்த அன்று பின்னேரம் என் கணவரிடம் இரண்டு தாள்களையும் கொடுத்தேன். அவர் முதல் தாளைப் பார்த்துவிட்டு இரண்டாவதை மேசையில் வைத்தார்.

"காலமை பத்து மணிக்குப் போற கப்பல். பின்னேரம் ஆறரைக்குத் திரும்புது. இதுக்கேன் முகத்தை இப்பிடி வைச்சிருக்கிறீர்?"

"ஆறரைக்கு வராட்டி?"

"வரும்."

"எங்களுக்கும் அப்பிடித்தானே சொன்னவை."

எந்தக் கப்பல், எப்போது என்று அவர் கேட்கவில்லை. "அப்ப போகாமல் விடுவம்" என்றார். மூன்றரை வயது மகளைக் கடலில் ஏற்றுவதா என்று நான் பயப்படுகிறேன் என்று அவர் நினைத்தார். அதுவும்தான். ஆனால் போகாமல் விட்டால் மாரித் என்ன நினைப்பாள்? மூன்று வருடம் பக்கத்தில் நின்று மீன் வெட்டியவள். போவோம் என்றேன். சொன்ன உடனேயே, சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைத்தேன்.

எங்கள் கல்யாணம் எண்பத்தொன்பதாம் ஆண்டு ஆவணி மாதம் நெடுந்தீவில் நடந்தது. நான் நெடுந்தீவுப் பெண், உயர்தரம் படித்துவிட்டு அங்கேயே பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அவர் கடலுக்கு அந்தப் பக்கம், சுருவில் என்ற ஊர். அதற்கு மூன்று வருடம் முன்னரே நோர்வேக்கு வந்து, இப்போது நாங்கள் இருவரும் வேலை செய்கிற இதே தொழிற்சாலையில் சேர்ந்திருந்தார். மூன்று வார லீவில் கல்யாணம் செய்ய வந்தார். மேலாளர் அவரிடம் நாளைக் குறித்துக் கொடுத்திருந்தார்: அந்த நாளில் மேசைக்கு முன்னால் நிற்காவிட்டால், அந்த மேசைக்கு வேறு ஆள். வேலை போனால் அவருடைய விசா போய்விடும். விசா போனால் நான் நோர்வேக்கு வருவதும் போய்விடும். அவர் வருடக் கணக்கில் பட்டதெல்லாம் வீண். ஞாயிற்றுக்கிழமை காலை கொழும்பில் விமானம். முகூர்த்தம் அதற்கு முந்திய திங்கட்கிழமை. செவ்வாய் காலை மாப்பிள்ளை பகுதியார் நாற்பத்தேழு பேரும் என்னையும் கூட்டிக்கொண்டு படகேறிச் சுருவிலுக்குப் போவது, வியாழன் அங்கே நாலாஞ்சடங்கு, வெள்ளி பின்னேரம் கொழும்பு பஸ் என்பது ஏற்பாடு. எல்லாவற்றுக்கும் இடையில் ஒரு நாள் மிச்சம் வைத்திருந்தார்கள். அந்த ஒரு நாள் போதும் என்று எல்லோரும் நினைத்தோம்.

செவ்வாய்க்கிழமை காலை படகு வரவில்லை. நாற்பத்தேழு பேரும் பட்டு வேட்டியும் சேலையும் பெட்டியில் மடித்து வைத்துவிட்டு, இறங்குதுறையில் மதியம் வரை இருந்தார்கள். பிறகு பெட்டிகளோடு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தார்கள். சோளகக் காற்று என்றார்கள். இயந்திரம் பழுது என்றார்கள். அக்கரையில் இருந்து உத்தரவு வந்ததாம் என்றார்கள். யாருடைய உத்தரவு என்று அந்த நாட்களில் ஒருவரும் இரண்டாம் கேள்வி கேட்பதில்லை. என் ஐயா மாத்திரம் மாலையில் ஒருமுறை இறங்குதுறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கதிரையில் போட்டார். படகு இல்லை என்பதற்கு அதுதான் அர்த்தம் என்று நாற்பத்தேழு பேரும் அன்றைக்கே படித்துக்கொண்டார்கள்.

அன்று மதியம் சனம் திரும்பி வந்த கையோடு அம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார். கல்யாணத்துக்கு வாங்கிய மரக்கறியில் இரண்டு பூசணிக்காயும் கொஞ்சம் பயிற்றங்காயும் மிச்சம் இருந்தன.

"பிள்ளை, நீ பள்ளிக்கூடத்தில நாப்பது பிள்ளையள வைச்சு மேய்க்கிறனி. இந்தச் சனத்தைக் கொஞ்ச நேரம் வீட்டுக்கு வெளியில கொண்டுபோக ஒரு வழி பார். சும்மா இருந்தால் பசிக்கும்."

"நான் கல்யாணப் பொம்பிளையம்மா."

"ஓம், பொம்பிளைதான். எழுதத் தெரிஞ்ச பொம்பிளை."

அப்பியாசக் கொப்பியில் நடுத்தாளைக் கிழித்து, மருதோன்றி போட்ட கையால் கோடு கீறி எழுதினேன். முதலில்: ஒல்லாந்தர் கோட்டை. அடுத்து: பெருக்கமரம், அதன் பொந்துக்குள் ஆள் நிற்கலாம். கடைசியில்: குதிரைகள். ஒல்லாந்தர் விட்டுப்போன குதிரைகள் எங்கள் தீவின் தெற்குப் பக்கத்து வெளியில் தங்கள் பாட்டுக்குத் திரிகின்றன. அவற்றைப் பார்க்க வேறு ஊர்களில் இருந்து ஆட்கள் வருவார்கள் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறேன். நாற்பத்தேழு பேரையும் இரண்டு பிரிவாகப் பிரித்தேன். பள்ளிக்கூடத்தில் வரவு இடாப்பு எழுதுகிற பழக்கத்தில், பெயர்களை அகரவரிசையில் போட்டேன்.

என் கணவரின் பெரியப்பா பெயர் வைத்திலிங்கம். தெற்கே காலிப் பட்டினத்தில் முப்பது வருடம் கடை வைத்திருந்தவர். எண்பத்து மூன்றில் கடை எரிந்தபின், கையில் கடைப் பூட்டின் திறப்போடு சுருவிலுக்குத் திரும்பி வந்தவர். மாப்பிள்ளை பகுதியில் வயதிலும் மரியாதையிலும் மூத்தவர் அவர்தான். என் சித்தப்பா தாளை அவருக்கு முன்னால் பிடித்து வாசித்துக் காட்டினார். நான் உள்ளே கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"கடைசியா நிக்கிறது ஆர்?" என்று பெரியப்பா கேட்டார்.

"வைத்திலிங்கம் எண்டு கிடக்கு, அண்ணை."

"ஆர் எழுதினது?"

"பொம்பிளை."

"அப்ப நான் குதிரை பாக்க வரேல்லை. குதிரைக்கு விருப்பமெண்டால் அது வந்து என்னைப் பாக்கட்டும்."

கல்யாணமாகி இரண்டாம் நாள் பெண் ஒருத்தி, மாமனாரின் தமையனிடம் போய் அகரவரிசையை விளங்கப்படுத்துவது எப்படி? இன்றைக்கும் எனக்குத் தெரியாது.  மற்றவர்கள் போனார்கள். கோட்டை பார்த்தவர்கள் உடைந்து கிடக்கிறது என்றார்கள். பெருக்கமரம் பார்த்தவர்கள் பெரிதாகக் கிடக்கிறது என்றார்கள். குதிரை பார்க்கப் போனவர்கள், குதிரைகள்தான் தங்களைப் பார்த்தன என்றார்கள். ஒரு மாமி வழி நெடுகக் கிடந்த பவளக்கல் வேலிகளைப் பார்த்துவிட்டு வந்து, "உங்கட ஊரில கல்லைத் தவிர வேற என்ன விளையும் பிள்ளை?" என்று என்னிடமே கேட்டார். அம்மா மாத்திரம் சந்தோசமாக இருந்தார். மூன்று மணி நேரம் ஒருவரும் தேத்தண்ணி கேட்கவில்லை.

மாரித் தொழிற்சாலையில், பத்து மணிக்கு நாங்கள் பாண் துண்டைப் பிரித்துச் சாப்பிடுகிற நேரத்தில், தாளைப் பார்த்தேனா என்று கேட்டாள். பார்த்தேன், நன்றாக இருக்கிறது என்றேன். "உன் கல்யாணத்தில் விருந்தாளிகள் என்ன செய்தார்கள்?" என்றாள்.

"நாலு நாள் இருந்தார்கள்" என்றேன்.

"நாலு நாளா! எவ்வளவு அழகு. நாலு நாளுக்கும் ஏற்பாடு செய்திருந்தாயா?"

"இல்லை. படகு வரவில்லை."

"ஏன் வரவில்லை?"

எனக்குத் தெரிந்த நோர்வேஜியச் சொற்களைக் கூட்டிப் பார்த்தேன். "கடல் மூடியிருந்தது" என்றேன்.

மாரித் சிரித்தாள். கடையை மூடுவார்கள், குளிர்காலத்தில் மலை வீதியை மூடுவார்கள், கடலை எப்படி மூடுவது, நீ வேறு ஏதோ சொல்ல வருகிறாய் என்றாள். வேறு ஒன்றும் சொல்ல வரவில்லை. பிறகு, படகுக் கொம்பனிக்கு முறைப்பாடு எழுதினீர்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். எழுதியிருக்க வேண்டும், அது உங்கள் உரிமை என்றாள். ஓம், எழுதியிருக்கலாம் என்று ஒத்துக்கொண்டேன். மணி அடித்தது. மீன் வந்துகொண்டிருந்தது.

புதன்கிழமையும் ஐயா துவாயைக் கதிரையில் போட்டார். அதற்குள் என் தாளில் எழுதியிருந்ததெல்லாம் முடிந்துவிட்டது. நெடுந்தீவில் பார்ப்பதற்கு இருப்பதை ஒரு நாளில் பார்த்துவிடலாம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. நான் இருபத்துநாலு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாள் முடிந்த பிறகுதான் விருந்தாளிகள் ஏதாவது செய்யத் தொடங்கினார்கள். ஆண்கள் பந்தலுக்குக் கீழே சீட்டுக்கட்டை எடுத்து முந்நூற்றுநாலு விளையாடினார்கள். பெண்கள் அம்மாவின் சுளகைப் பறித்து அரிசியில் கல் பொறுக்கினார்கள். இரண்டு பேர் தாங்கள் சொந்தக்காரர் என்று கண்டுபிடித்தார்கள். வேறு இரண்டு பேர் இவ்வளவு காலமும் சொந்தம் என்று நினைத்தது பிழை என்று கண்டுபிடித்தார்கள். ஒரு சம்பந்தப் பேச்சுத் தொடங்கியது. பெரியப்பா கிணற்றடியில் கதிரை போட்டு, அங்கே தண்ணி அள்ள வருகிற ஒவ்வொருவரிடமும் காலியில் தன் கடை இருந்த தெருவைக் கடை கடையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று பின்னேரம் ஒரு குதிரை, தாகமோ என்னவோ, வேலி இடைவெளிக்குள்ளால் வந்து கிணற்றுத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றது. சனம் முழுவதும் பெரியப்பாவைப் பார்த்தது. அவர் அதை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார்.

"வந்திட்டுதோ?" என்றார். "நல்லது. தண்ணி வையுங்கோ."

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசத் தொடங்கினார்.

இதெல்லாம் எனக்கு அப்போது சிரிப்பாக இருக்கவில்லை. நானும் என் கணவரும் அதுவரை தனியாகப் பேசிக்கொண்டதில்லை. எங்கள் முதற் பேச்சுகள் எல்லாம் பஸ் நேரம் பற்றியவை. பின் விறாந்தையில் இருந்துகொண்டு, வெள்ளி விட்டால் சனி, சனி விட்டால் இல்லை என்று அவர் விரல் மடித்தார். எனக்கு வேறொன்றும் பயமாக இருந்தது. நான் கழுத்து நீட்டிய அடுத்த நாளே படகு நின்றது. என்னுடைய கால் சரியில்லை என்று யாராவது வாய்விட்டுச் சொல்லப்போகிறார்கள் என்று ஒவ்வொரு சாப்பாட்டு நேரமும் காத்திருந்தேன். ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாததால் எல்லோரும் நினைக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி வைத்தேன்: வெள்ளிக்கிழமைக்குள் படகு வந்து இவர் விமானம் ஏறினால், முதற் பிள்ளையோடு வந்து பொங்கல் வைக்கிறேன் என்று.

வியாழக்கிழமை விடிந்ததும் நாலாஞ்சடங்குப் பிரச்சினை வந்தது. கல்யாணத்தில் இருந்து நாலாம் நாள் வரைக்கும் வீட்டில் மரக்கறிதான். நாலாம் நாள் சடங்கோடு மீன், நண்டு என்று மச்சம் காய்ச்சிச் சம்பந்திகள் ஒன்றாக இருந்து சாப்பிட்டால்தான் கல்யாண வீடு முடிந்தது என்று பொருள். சுருவில் ஆட்கள் முறைப்படி அதைச் செய்யவேண்டியது மாப்பிள்ளை வீட்டில். மாப்பிள்ளை வீடு கடலுக்கு அந்தப் பக்கம்.

"எங்கட வீட்டிலதான்" என்றார் மாமி, என் கணவரின் அம்மா. "இனிப் போய்ச் செய்வம்."

"போற நேரம் வரைக்கும் நான் பயிற்றங்காயோட கிடக்கிறதோ?" என்றார் பெரியப்பா. "சுத்திவரக் கடல். கடல் முழுக்க மீன். நான் நாலு நாளா பூசணிக்காய் தின்னுறன். காலியில இருக்கேக்கை கலவரத்திலகூட எனக்கு இப்பிடி ஒரு கெதி வரேல்லை."

"அதுக்காகப் பொம்பிளை வீட்டில வைச்சு நாலாஞ்சடங்கு செய்ய ஏலுமோ, அத்தான்? சனம் என்ன சொல்லும்?"

"சனம் முழுக்க இஞ்சதான் நிக்குது. கேட்டுப் பார்."

நான் அப்போது வாயைத் திறந்தேன். கல்யாணப் பெண் பேசாத இடம் அது. "மாமி இறங்கி இருக்கிற வீடுதானே இப்ப மாப்பிள்ளை வீடு?" என்றேன். மாப்பிள்ளை பகுதியார் தங்குவதற்கு நாங்கள் எடுத்துக்கொடுத்த வீடு அது. வேலிக்கு அந்தப் பக்கம். வீட்டுக்காரர் கொழும்பில், திறப்பு எங்களிடம். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமி வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு, "பிள்ளை படிச்சது" என்றார்.

அது புகழ்ச்சியா குறையா என்று ஆறு வருடமாக யோசிக்கிறேன்.

மாமி அந்த வீட்டுக் குசினிக்குப் போனார். அங்கே ஒரு பாத்திரமும் இல்லை. ஆளனுப்பி எங்கள் அம்மாவின் பெரிய சருவச்சட்டியை வாங்கினார். பிறகு அகப்பை. பிறகு தூள், புளி, தேங்காய், அரிசி. ஆண்கள் முழங்கால் தண்ணீரில் இறங்கி வலை வீசி நண்டும் மீனும் கொண்டுவந்தார்கள். எல்லாம் அடுப்பில் ஏறிய பிறகு, மாமி முகம் கழுவி, பொட்டு வைத்து, வெற்றிலைத் தட்டோடு வேலியைச் சுற்றி வீதியால் வந்து, எங்கள் படலையில் நின்று அம்மாவை முறைப்படி அழைத்தார்.

"மச்சாள், நாலாஞ்சடங்கு. எங்கட வீட்டுக்கு எல்லாரும் வரவேணும்."

"கட்டாயம் வாறம், மச்சாள்" என்றார் அம்மா. காலையில் இருந்து வேலி இடைவெளிக்குள்ளால் மாமிக்கு உப்பும் விறகும் நீட்டிக்கொண்டிருந்தவர், சேலை மாற்றிக்கொண்டு வீதியால் சுற்றிப் போனார். தன்னுடைய சட்டியில், தன்னுடைய தூள் போட்டுக் காய்ச்சிய நண்டுக் குழம்பைத் தன்னுடைய அரிசிச் சோற்றில் விட்டுச் சாப்பிட்டார். "உங்கட கைப் பக்குவம் வேற, மச்சாள்" என்றார். "தூள் எந்தக் கடையில வாங்கினது?" என்று பெரியப்பா கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் இரண்டாம் தரம் சோறு வாங்கினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஐயா ஓடிவந்தார். ஐயா ஓடுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. துவாய் கையில் இருந்தது, அதை வீசிக்கொண்டு வந்தார். கால் மணி நேரத்தில் நாற்பத்தேழு பேரும் பெட்டிகளோடு இறங்குதுறையில் நின்றார்கள். கடைசி நேரத்தில் மாமி அம்மாவின் சருவச்சட்டியைக் கையில் எடுத்தார். வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஆனால் அந்தத் தீவில் மாமிக்குச் சொந்தமாக ஒன்றும் இல்லை. சுற்றிப் பார்த்தார். மிச்ச அரிசி என்று அம்மா எங்களுக்குக் கட்டித் தந்த பையைத் திறந்து, அதில் ஒரு பிடி எடுத்துச் சட்டிக்குள் போட்டு, இரண்டு கையாலும் நீட்டினார். அம்மா இரண்டு கையாலும் வாங்கினார். படகு விலகும்போது அம்மா சட்டியைத் தலைக்கு மேலே பிடித்து ஆட்டினார். நான் அவரைப் பார்க்கவில்லை. பஸ் நேரத்துக்குப் போய்ச் சேருவோமா என்று இவருடைய மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவர் விமானம் ஏறினார். மேசையில் வேறு ஆள் நிற்கவில்லை. லீவு எப்படி இருந்தது என்று மேலாளர் கேட்டாராம், நன்றாக இருந்தது என்றாராம். எட்டு மாதம் கழித்து, தொண்ணூறு சித்திரையில் நானும் வந்துசேர்ந்தேன். அதற்குப் பிறகு சண்டை திரும்பத் தொடங்கி அங்கே நடந்தது எல்லோருக்கும் தெரியும். சுருவில் வீட்டில் இப்போது ஒருவரும் இல்லை. நாற்பத்தேழு பேரில் பன்னிரண்டு பேர் கனடாவில், ஒன்பது பேர் பாரிசில், மாமியும் வேறு சிலரும் வவுனியாவில் சொந்தக்காரர் வீடுகளில், ஒரு குடும்பம் இந்தியாவில் முகாமில். பெரியப்பா இல்லை. மூன்று பேரைப் பற்றி யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. ஐயாவும் அம்மாவும் நெடுந்தீவில்தான். அம்மாவின் கடிதத்தில் முதல் வரி எப்போதும் படகு ஓடுகிறதா இல்லையா என்பதுதான். நேர்த்தி அப்படியே கிடக்கிறது.

மாரித்தின் கல்யாணத்துக்குப் போகிற அன்று காலை நான் ஒரு பை கட்டினேன். நாலு நாளுக்கு அரிசி, பருப்பு, உப்பு, மகளுக்குக் காய்ச்சல் மருந்து, பால்மா, ரஸ்க், நெருப்புப் பெட்டி, இரண்டு மெழுகுதிரி. இங்கே யூலையில் இருட்டுவதே இல்லை என்பது மெழுகுதிரியை வைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. எடுக்கவில்லை. ஐஸ்கிரீம் வாங்கிய பிளாஸ்டிக் பெட்டியைக் கழுவி, அதில் அறுபது மீன் ரோல்ஸ் அடுக்கினேன். இவர் பையைத் தூக்கிப் பார்த்தார்.

"எட்டு மணித்தியாலக் கல்யாணத்துக்கு இது என்ன?"

"நாலு நாளுக்கு."

பையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

எல்லாம் தாளில் எழுதியபடி நடந்தது. ஆட்கள் கத்திக்கொண்டு கடலில் குதித்து, கத்திக்கொண்டு ஏறினார்கள். பறவை பார்த்தார்கள். ஒரு கிழவர் பெரிய மீன் பிடித்து ஒரு கம்பளித் தொப்பி பரிசு வாங்கினார். மூத்த மகள் மோதிரம் கொண்டுவந்தாள், மாரித் அழுதாள், பதினாலு வருடமாகக் கூட இருக்கிற மனிதரைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தாள். என் ரோல்ஸ் பத்து நிமிடத்தில் முடிந்தது. உள்ளே என்ன மீன் என்று ஒருவர் கேட்டார். நாங்கள் வெட்டுகிற மீன்தான் என்றேன், அவர் நம்பவில்லை. நாலு மணிக்கு எல்லோரும் கற்பாறைகளில் போய் உட்கார்ந்து ஒன்றும் செய்யாமல் இருந்தார்கள். நானும் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்குச் சரியாக வரவில்லை. வானத்தையும் கடலையும் துறையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாரித் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கப்பல் வராவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

"வரும்" என்றாள்.

"வராவிட்டால்?"

மாரித் யோசித்தாள். இதுவரை ஒருவரும் அவளிடம் கேட்காத கேள்வி என்று தெரிந்தது. "அப்படியென்றால் எல்லோரும் இங்கேயே படுக்க வேண்டியதுதான்" என்றாள். "சாப்பாடு போதாது. அதுதான் பிரச்சினை."

என்னிடம் அரிசி இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். இங்கே இருபத்தைந்து பேர்தான். கஞ்சியாகக் காய்ச்சினால் இரண்டு நேரத்துக்கு வரும், கிழவரின் மீனும் இருக்கிறது. தொப்பி வாங்கிய கிழவருக்கும் பறவை பார்த்தவருக்கும் முந்நூற்றுநாலு சொல்லிக்கொடுக்கலாம். நாளைக் காலைக்குள் இரண்டு பேராவது தாங்கள் சொந்தக்காரர் என்று கண்டுபிடிப்பார்கள். மகளோடு, கடலுக்கு நடுவில், கப்பல் வராமல் இருந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. பயந்துபோய் எழும்பினேன்.

ஆறரை மணிக்குக் கப்பல் வந்தது. ஒரு நிமிடம் முந்தவுமில்லை, பிந்தவுமில்லை. மாரித் ஓடிவந்து என் பெட்டியைத் தந்தாள். "கழுவி வைத்தேன்" என்றாள். நன்றி சொன்னேன். கட்டிப்பிடித்தாள். என்னைத் தவிர எல்லோரும் சந்தோசமாக வரிசையில் நின்று ஏறினார்கள்.

கப்பலில் இருக்கைகள் ஒன்றுக்கொன்று முகம் பார்த்தபடி. இவரும் மகளும் போகிற பக்கம் பார்த்து இருந்தார்கள். நான் அவர்களுக்கு எதிரே, விட்டு வருகிற பக்கம் பார்த்து. அரிசிப் பை என் காலடியில். மகள் எழும்பி நின்று என் தோளுக்கு மேலால் கண்ணாடியைக் காட்டினாள். "அம்மா, எங்கட வீட்டுப் பக்கம் தெரியுது" என்றாள். நான் திரும்பவில்லை. என் பக்கத்துக் கண்ணாடியில் துறையில் மாரித் இன்னும் நின்று கையைத் தலைக்கு மேலே பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் சின்னதாகி மறையும் வரைக்கும் இந்தத் தரம் பார்த்தேன்.

பிறகு மடியில் இருந்த பெட்டியின் மூடியைத் திறந்தேன். கழுவி, துடைத்து, வெறுமையாக இருந்தது. குனிந்து பையின் முடிச்சை அவிழ்த்து, ஒரு பிடி அரிசி எடுத்து, அதற்குள் போட்டு மூடினேன்.